உயிரணுவுக்குள் சுமை தூக்குவோர்

உங்கள் கால் பெருவிரலை இப்போது ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அந்த அசைவுக்கான கட்டளையைக் காலில் உள்ள தசைக்குக் கொண்டு சேர்த்தது ஒரு நரம்பணு. அந்த நரம்பணுவின் உடற்பகுதி காலில் இல்லை. முதுகுத்தண்டுக்குள், இடுப்புக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து ஆக்சான் எனப்படும் ஒற்றை இழை கிளம்பி, தொடையையும் முழங்காலையும் கடந்து பாதம் வரை நீள்கிறது. உயரமான ஒருவருக்கு இந்த இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். தடிப்பிலோ அது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இவ்வளவு நீளமும் ஒரே ஓர் உயிரணுவின் பகுதி என்பதை மறந்துவிடாதீர்கள்.

கட்டளை மின்துடிப்பாகச் செல்வதால் இந்தத் தூரத்தை ஒரு விநாடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறது. சிக்கல் கட்டளையில் இல்லை, சரக்கில்தான். ஆக்சானின் நுனி உயிரோடு இருக்கவும் வேலை செய்யவும் புரதங்கள் வேண்டும். அந்தப் புரதங்களில் பெரும்பாலானவை நரம்பணுவின் உடற்பகுதியில்தான் உருவாகின்றன. அவை நுண்பைகளில் பொதியப்பட்டு நுனிக்கு வந்து சேர வேண்டும். ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அவ்வாறே வந்து சேர வேண்டும். எப்படி வருகின்றன?

வெந்நீர்க் குவளையில் தேயிலைப் பொட்டலத்தை இட்டால், கரண்டியால் கலக்காவிட்டாலும் நிறம் மெல்ல மெல்லப் பரவும். இதற்கு விரவல் என்று பெயர். உயிரணுவுக்குள்ளும் பொருள்கள் இப்படித்தான் பரவுகின்றன என்று நினைக்கத் தோன்றும். குறுகிய தூரத்திற்கு அது சரி. 100 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு நுண்பை, தண்ணீரில் 20 மைக்ரோமீட்டர் தூரம் விரவிச் செல்லச் சுமார் அரை நிமிடம் பிடிக்கும். ஒரு சாதாரண உயிரணுவின் அகலம் அவ்வளவுதான். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். அதையும் ஆயிரம் பங்காக்கினால் ஒரு நானோமீட்டர்.)

ஆனால், விரவலில் ஒரு கடுமையான விதி உண்டு. தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஒரு மீட்டர் என்பது 20 மைக்ரோமீட்டரைப்போல் 50,000 மடங்கு. ஆகவே, நேரம் 50,000 பெருக்கல் 50,000, அதாவது 250 கோடி மடங்கு ஆக வேண்டும். அரை நிமிடத்தை 250 கோடியால் பெருக்கிப் பாருங்கள். விடை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல்! அதுவும் வெறும் தண்ணீரில். புரதங்களும் இழைகளும் நெருக்கமாக அடைந்திருக்கும் உயிரணுவுக்குள் இன்னும் தாமதமாகும். விரவலை மட்டும் நம்பியிருந்தால், திருவள்ளுவர் காலத்தில் புறப்பட்ட சரக்கு இன்னும் பெருவிரலுக்கு வந்து சேர்ந்திருக்காது.

உண்மையில் அந்தச் சரக்கு சில நாள்களிலேயே வந்துவிடுகிறது. நரம்புகளில் விரைவாகச் செல்லும் சரக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை நகர்வதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதைத் தூக்கிச் செல்ல ஆள் இருக்கிறது. அந்த ஆள் நடக்கப் பாதையும் இருக்கிறது.

பாதையும் பயணியும்

பாதையின் பெயர் நுண்குழாய். டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சரமாகின்றன. பொதுவாக 13 சரங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி, உள்ளே வெறுமையான ஒரு குழாயாக அமைகின்றன. குழாயின் அகலம் 25 நானோமீட்டர். ஒவ்வொரு டியூபுலின் துண்டும் ஆல்பா, பீட்டா என்னும் இரு பாதிகளைக் கொண்டது. நீளம் 8 நானோமீட்டர். இந்த 8 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

துண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி அடுக்கப்பட்டிருப்பதால் நுண்குழாயின் இரு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றைக் கூட்டல் முனை என்றும் மற்றொன்றைக் கழித்தல் முனை என்றும் அழைக்கிறார்கள். ஆக்சானில் உள்ள நுண்குழாய்களின் கூட்டல் முனைகள் எல்லாம் நுனியை நோக்கியே இருக்கின்றன. ஒருவழிச் சாலையில் அம்புக்குறி வரைந்திருப்பது போன்றது இது. ஒரே நுண்குழாய் ஒரு மீட்டர் நீளத்திற்குச் செல்வதில்லை. குட்டையான பல குழாய்கள் ஒன்றையொன்று அடுத்தடுத்துத் தழுவிச் செல்கின்றன. பயணி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும்.

நுனியை நோக்கிச் செல்லும் பயணிகளில் முதன்மையானது கினெசின் என்னும் புரதம். அதற்கு இரு பாதங்கள், நீண்ட ஒரு தண்டு, தண்டின் மறுமுனையில் சுமையைப் பற்றிக்கொள்ளும் வால் ஆகியவை உண்டு. அறிவியலாளர்கள் அந்தப் பாதங்களைத் ‘தலைகள்’ என்றுதான் எழுதுகிறார்கள். கீழே இருந்து நடப்பதற்குத் தலை என்று பெயர் வைத்தால் படிப்பவர் குழம்பத்தானே செய்வார்? எனவே, இப்பாடத்தில் அவற்றைப் பாதங்கள் என்றே குறிப்பிடுவோம்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் தம்மைவிடப் பல மடங்கு அகலமான காவடியைச் சுமந்து படியேறும் பக்தரைப் பார்த்திருப்பீர்கள். கினெசினின் தோற்றமும் ஏறத்தாழ அப்படித்தான். ஒவ்வொரு பாதமும் 10 நானோமீட்டருக்கும் குறைவு. தலைக்கு மேலுள்ள நுண்பையோ 100 நானோமீட்டர். கினெசின் ஓர் எட்டில் 8 நானோமீட்டர் நகரும், அதாவது சரியாக ஒரு டியூபுலின் துண்டின் நீளம். விநாடிக்கு ஏறத்தாழ நூறு எட்டுகள் வைக்கும். அந்த வேகத்தில் பத்துமலையின் 272 படிகளை மூன்றே விநாடிகளுக்குள் ஏறிவிடலாம். ஆனால், தனியாக நடக்கும் கினெசின் சராசரியாக ஒரு மைக்ரோமீட்டர் தூரத்தில், அதாவது 125 எட்டுகளுக்குள், பாதையைவிட்டுக் கழன்றுவிடும். பத்துமலையில் பாதிப் படிகூட ஏறியிருக்காது. அதனால்தான் ஒரு சுமையைப் பல கினெசின்கள் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. ஒன்று கழன்றாலும் மற்றவை சுமையைப் பாதையோடு பிணைத்து வைத்திருக்கும்; கழன்றதும் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ள முடியும்.

கினெசினை மனித அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் அதன் உழைப்பு இன்னும் தெளிவாகும். அதன் எட்டு, மனிதர் வைக்கும் 70 சென்டிமீட்டர் எட்டு அளவுக்குப் பெரிதானால், அது மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சுமை ஒரு பேருந்தின் நீளத்திற்கு இருக்கும். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரையுள்ள ஒரு மீட்டர், பூமியை இருமுறை சுற்றிவரும் தூரத்தையும் மிஞ்சிவிடும்.

கணவாயின் நரம்பில் கிடைத்த விடை

நாம் சந்தையில் ‘சோத்தோங்’ என்று கேட்டு வாங்கும் கணவாயின் உடலில் மிகத் தடித்த ஓர் ஆக்சான் உண்டு. சில இனங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆபத்து வந்தால் உடலைச் சட்டெனச் சுருக்கி, நீரைப் பீய்ச்சித் தப்பிக்க உதவும் நரம்பு அது. நரம்பு ஆய்வாளர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். அதன் ஒரு முனையை வெட்டி, மறுமுனையிலிருந்து உருளையால் அழுத்தினால், உள்ளே இருக்கும் கூழ், பற்பசைக் குழாயிலிருந்து வருவதுபோல் வெளியே வந்துவிடும். அந்தக் கூழை நுண்ணோக்கியில் வைத்து, நிகழ்படக் கருவியால் மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்தபோது, உள்ளே இருந்த நுண்பைகள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு தடத்தில் நகர்ந்துகொண்டே இருப்பதை 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கண்டனர். உயிரணு உடைந்துவிட்டது, ஆனால், போக்குவரத்து நிற்கவில்லை.

அப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் வேல் என்னும் பட்டமேற்படிப்பு மாணவர் இருந்தார். அவரும் மைக்கேல் ஷீட்ஸ் என்னும் அறிவியலாளரும் இந்த இயக்கத்திற்குக் காரணம் என்ன என்று அறிய விரும்பினர். தசைகளைச் சுருங்கச் செய்யும் மையோசின் என்னும் புரதமே காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். 1983இல் கலிபோர்னியாக் கடற்கரையில் கணவாய்களைப் பிடித்து ஆராயத் திட்டமிட்டனர். ஆனால், எல் நீனோவினால் கடல் சூடேறியிருந்த அந்த ஆண்டில் அங்குக் கணவாய்கள் வரவில்லை. எனவே, நாட்டின் மறுகரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூட்ஸ் ஹோல் கடல்சார் உயிரியல் ஆய்வுக்கூடத்திற்குப் புறப்பட்டுப் போனார்கள். அங்குத் தாமஸ் ரீஸ் முதலியோரின் மின்னணு நுண்ணோக்கி இருந்தது.

அந்த நுண்ணோக்கி முதலில் ஒன்றைத் தெளிவாக்கியது. நுண்பைகள் சென்ற தடம், மையோசின் நடக்கும் ஆக்டின் இழை அன்று. அது ஒரே ஒரு நுண்குழாய். ஆக, மையோசின் ஊகம் அடிபட்டது. பிறகு, கணவாய் நரம்புக் கூழிலிருந்து எடுத்த கரைசலைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, நுண்குழாய்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நுண்பைகள் எதுவும் இல்லாமலேயே நுண்குழாய்கள் கண்ணாடியின் மேல் வழுக்கிச் செல்லத் தொடங்கின! கரைசலில் இருந்த ஏதோ ஒரு புரதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, நுண்குழாய்களைத் தள்ளுகிறது என்பது புரிந்தது. மல்லாந்து கிடக்கும் ஒருவர் தம் கால்களால் ஒரு பலகையை நகர்த்துவதுபோல. அந்தப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, 1985இல் உலகுக்கு அறிவித்தனர். ‘நகர்தல்’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கினெசின் என்று பெயர் வைத்தனர்.

ஷீட்ஸ் பின்னாளில் நம் வட்டாரத்துக்கு வந்தார். 2009இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட இயந்திர உயிரியல் ஆய்வுக்கழகத்தின் முதல் இயக்குநர் அவரே.

ஒரு காலணிக்குச் சாயம் பூசுவோம்

நகர்த்துகிறது என்பது தெரிந்தது. ஆனால், நடக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? நானோமீட்டர் அளவுள்ள பாதங்களைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்க முடியாதே!

1993இல் கினெசினை ஒரு சிறு மணியோடு இணைத்து, அந்த மணியை லேசர் ஒளிக்கற்றையால் பிடித்து வைத்துச் சோதித்தார்கள். ஒளியால் பொருளைப் பிடிக்கும் இந்த இடுக்கியைக் கண்டறிந்த ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல் நோபெல் பரிசு கிடைத்தது. சோதனையில் மணி வழுக்கிக்கொண்டு செல்லவில்லை. நிற்பதும் தாவுவதுமாக நகர்ந்தது. ஒவ்வொரு தாவலும் 8 நானோமீட்டர். டியூபுலின் துண்டின் நீளம் நினைவிருக்கிறதா?

ஆயினும், ஒரு கேள்வி மிஞ்சியது. நாம் நடப்பதுபோல் பின்பாதம் முன்பாதத்தைத் தாண்டிச் செல்கிறதா? அல்லது, கம்பளிப்புழு ஊர்வதுபோல் முன்பாதம் எப்போதும் முன்னாலேயே இருந்து, பின்பாதம் அதன் பின்னால் இழுபட்டு வருகிறதா? இரண்டிலுமே உடல் ஒவ்வொரு முறையும் 8 நானோமீட்டர்தான் நகரும். மணியை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது.

இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் வலக்காலணியில் மட்டும் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு நேர்க்கோட்டில் நடந்து பாருங்கள். உங்கள் உடல் ஓர் எட்டுக்கு 50 சென்டிமீட்டர் நகர்ந்தால், வலக்காலணியின் சுவடுகள் 100 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். ஏனென்றால், ஒரு முறை வலக்கால் இரு மடங்கு தாவும்; அடுத்த முறை அது நிற்க, இடக்கால் தாவும். இனி, வலக்காலை முன்னால் வைத்து, இடக்காலைத் தாண்டவிடாமல் இழுத்து இழுத்து நகருங்கள். இப்போது சுவடுகள் 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விழும்.

2004இல் அகமது இல்டிஸும் உடன் ஆய்வாளர்களும் செய்தது இதைத்தான். கினெசினின் ஒரு பாதத்தில் மட்டும் ஒளிரும் சாய மூலக்கூறு ஒன்றை ஒட்டி, அந்த ஒளிப்புள்ளியின் மையத்தை ஓரிரு நானோமீட்டர் துல்லியத்தோடு கணித்தார்கள். புள்ளி 8 நானோமீட்டர் தாவினால் புழு ஊர்வது. 16 தாவினால் மனிதர் நடப்பது. அளந்தபோது தாவல்கள் 16ஐ ஒட்டியே அமைந்தன. கினெசின், பாதம் மாற்றிப் பாதம் வைத்து நடக்கிறது என்பது உறுதியானது. இவ்வளவு எளிய ஒரு வினாவைக் கேட்டு, இவ்வளவு தெளிவான விடையைப் பெற்ற சோதனைகள் அறிவியலில் அதிகம் இல்லை என்பேன்.

நடப்பதற்குச் செலவும் உண்டு. ஒவ்வோர் எட்டுக்கும் ஏடிபி எனப்படும் ஆற்றல் மூலக்கூறு ஒன்று தேவை. முன்பாதத்தில் ஏடிபி வந்து ஒட்டியதும், அந்தப் பாதத்தையும் தண்டையும் இணைக்கும் சிறு பட்டை முன்னோக்கிப் படிந்து இறுகுகிறது. அதனால், பாதையைவிட்டுக் கழன்றிருக்கும் பின்பாதம் முன்பக்கம் வீசப்படுகிறது. அது அடுத்த பிடிமானத்தைத் தேடிப் பற்றுகிறது. அதற்குள் இப்போது பின்னால் நிற்கும் பாதம், தன்னிடமுள்ள ஏடிபியைச் சிதைத்துவிட்டுத் தன் பிடியைத் தளர்த்துகிறது. ஒரு பாதம் ஊன்றியிருக்கும்போதுதான் மற்றது எழும். இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் பயணம் முடிந்துவிடும். முழு வலுவோடு இழுக்கும்போது, ஏடிபியின் ஆற்றலில் ஏறத்தாழ பாதியைக் கினெசின் பயனுள்ள வேலையாக மாற்றுகிறது. காரின் பெட்ரோல் இயந்திரத்தால் பெரும்பாலும் இந்த அளவை எட்ட முடிவதில்லை.

இணையத்தில் கினெசின் நடக்கும் அசைவூட்டப் படங்கள் பல உள்ளன. 2006இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற்காக உருவாக்கப்பட்ட படம் அவற்றுள் புகழ்பெற்றது. பெரிய பலூன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, உலாவப் போவதுபோல் நிதானமாகக் கால் வைத்து நடக்கும் கினெசினை அதில் காணலாம். பாருங்கள், ஆனால், அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த அளவில் நிதானம் என்பதே இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் எல்லாத் திசைகளிலிருந்தும் மோதிக்கொண்டிருக்கும். எழும்பிய பாதம், புயலில் சிக்கிய கொடிபோல் முன்னும் பின்னும் துடிக்கும். கினெசினுக்குக் கண்ணில்லை, அடுத்த படி எங்கே என்று அது அறியாது. பட்டை இறுகியிருப்பதால் பாதம் பின்னே செல்வதைவிட முன்னே செல்லும் வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான். குருட்டுத்தனமான மோதல்களில் ஏதோ ஒன்று அதைச் சரியான பிடிமானத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்தக் களேபரத்தையே பயன்படுத்திக்கொண்டு முன்னேறுவதுதான் அதன் சிறப்பு.

திரும்பும் வழி

நுனிக்குப் போன பொருள்கள் பழுதடையும், தேய்ந்துபோகும். அவற்றைச் சீரமைக்கவோ சிதைக்கவோ உடற்பகுதிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ‘நான் இங்கே நலமாக இருக்கிறேன்’ என்பது போன்ற வேதிச் செய்திகளும் தசையிடமிருந்து நரம்பணுவின் உடற்பகுதிக்குச் செல்ல வேண்டும். கழித்தல் முனையை நோக்கி நடக்கும் இந்த வேலையைச் செய்வது டைனீன் என்னும் இன்னொரு புரதம். அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றை இயன் கிப்பன்ஸ் என்பவர் நீந்தும் நுண்ணுயிரி ஒன்றின் பிசிர்களில் கண்டறிந்து, 1965இல் அதற்குப் பெயரிட்டார். பிசிர்கள் அசைவதற்கு டைனீன்தான் காரணம். நரம்பில் சுமை தூக்கும் டைனீன் 1987இல்தான் அடையாளம் காணப்பட்டது. டைனீனின் நடை கினெசினைப்போல் ஒழுங்கானதன்று. சிறிதாகவும் பெரிதாகவும் எட்டுகள் வைக்கும். பக்கத்துச் சரத்திற்கு மாறும். சில வேளைகளில் பின்னோக்கியும் ஓர் எட்டு வைக்கும். ஆயினும், போய்ச் சேர வேண்டிய இடத்திற்குப் போய்விடும்.

இந்தத் திரும்பும் வழியைத் தவறாகப் பயன்படுத்திக்கொள்ளும் வழிப்போக்கர்களும் உண்டு. வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் வைரஸ் அவற்றுள் மிகக் கொடியது. அதற்குத் தானாக நகரும் ஆற்றல் இல்லை. கடித்த நாயின் எச்சிலோடு தசைக்குள் புகும் வைரஸ், அங்குள்ள ஆக்சானின் நுனிக்குள் நுழைந்துகொள்கிறது. பிறகு, டைனீன் தூக்கும் சுமையாக மாறி, நுண்குழாய் வழியே முதுகுத்தண்டை நோக்கியும் பின்னர் மூளையை நோக்கியும் பயணம் செய்கிறது. நோயின் அறிகுறிகள் தோன்றப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. முகத்திலோ கழுத்திலோ கடிபட்டால் இந்த இடைவெளி குறையும். மூளைக்குத் தூரம் குறைவு அல்லவா? அறிகுறி தோன்றிய பிறகு நோயாளியைக் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம்.

சரவாக்கில் 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் இந்நோய் பரவியிருப்பதாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அங்கு உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. எனவே, இது எங்கோ தொலைவில் உள்ள செய்தி அன்று. நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். வைரஸ் இன்னும் காயத்தில் இருக்கும்போதே அதைக் கழுவி நீக்க முடியும். தடுப்பூசியால் உருவாகும் நோய் எதிர்ப்பாற்றலும், வைரஸ் நரம்புக்குள் ஏறுவதற்கு முன்பே அதைப் பிடித்தாக வேண்டும். ஏறிவிட்டால், உடலின் சொந்தச் சுமைதூக்கியே அதை மூளைக்குக் கொண்டு சேர்த்துவிடும். “சின்னக் கீறல்தானே, நாளைக்குப் பார்ப்போம்” என்று வீட்டில் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நுண்குழாய்களைக் கலைத்துவிட்டால் இந்தப் பயணம் நின்றுவிடும் என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. கொல்கிசின் என்னும் பொருள் டியூபுலினோடு ஒட்டி, நுண்குழாய்கள் உருவாகாமல் தடுக்கிறது. கொல்கிசின் எங்கே கிடைக்கிறது தெரியுமா? தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில்! மருந்துக்காக அதன் விதைகளுக்கென்றே அங்குச் சில பகுதிகளில் அதைப் பயிரிடுகிறார்கள். கீல்வாதத்தின் ஒரு வகையான ‘கவுட்’ வலிக்கு மருத்துவர்கள் கொல்கிசினை மிகச் சிறிய அளவில் தருகிறார்கள். அளவு மீறினால் அது உயிரைப் பறிக்கும் நஞ்சு. அதனால், ரேபிஸ் வைரஸைத் தடுக்கிறோம் என்று மனிதருக்கு இதைக் கொடுக்க முடியாது. வைரஸின் பாதையை மட்டும் அறுத்து, நம் பாதையை விட்டுவைக்க வழியில்லை.

இதே சிக்கல் இன்னொரு செடியிலும் உண்டு. நம் வீட்டு முற்றங்களில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்னும் மருந்து எடுக்கப்படுகிறது. இச்செடியின் இலைகளைச் சர்க்கரை நோய்க்காக ஜமைக்காவில் கொதிக்கவைத்துக் குடித்துவந்தார்கள். அந்த இலைகள் 1950களில் கனடாவுக்கு ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. சர்க்கரை குறையவில்லை, மாறாக, இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அங்கிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகள் பிறந்தன. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கஷாயம் வைத்துவிட வேண்டா. இச்செடியும் நச்சுத்தன்மை உடையது.) உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் பங்கிடுவதற்கு நுண்குழாய்கள் தேவை. வின்கிரிஸ்டின் நுண்குழாய்களைக் கலைப்பதால், ஓயாமல் பிரிந்து பெருகும் புற்றணுக்கள் பாதியில் நின்று மடிகின்றன. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பலர் இன்று பிழைத்து வளர்வதற்கு இம்மருந்தும் ஒரு காரணம்.

ஆனால், நரம்பின் பாதையும் அதே டியூபுலினால்தான் ஆனது. மருந்து அதையும் பாதிக்கிறது. சுமைதூக்கிகள் நடக்கப் பாதை குலைகிறது, சரக்கு தடைப்படுகிறது. எந்த நரம்பு முதலில் துன்பப்படும் என்பதை இனி நீங்களே ஊகிக்கலாம். மிக நீளமான நரம்புகள்தாம். மருந்து எடுக்கும் குழந்தைகளுக்கு முதலில் கால்விரல்களிலும் பிறகு கைவிரல்களிலும் மரமரப்பும் கூச்சமும் தோன்றும். சட்டைப் பொத்தானைப் போடவும் பென்சிலைப் பிடிக்கவும் சிலர் தடுமாறுவார்கள். பாதத்தை மேலே தூக்கும் தசை தளர்வதால், நடக்கும்போது கால்விரல்கள் தரையில் உரசும். மருந்தை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு இது படிப்படியாகக் குறைகிறது. ஆனால், அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். ஆகையால், சிகிச்சைக்கு வரும் குழந்தையை மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அனுப்புவதில்லை. அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, கால்விரல்கள் தரையில் படாமல், குதிகாலால் மட்டும் நடந்து காட்டச் சொல்கிறார். அந்தச் சில எட்டுகளைப் பார்த்த பிறகே, மருந்தை அதே அளவில் தொடரலாமா, குறைக்க வேண்டுமா என்று முடிவு செய்கிறார்.